"எங்கள் பக்கம் ஏழைகளே இல்லையே மேடம், எதை ஆராய்வது?"

ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் இடைப்பட்ட ஒரு ஊரிலிருந்து, எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், ஊர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், அடையாளம் தெரியக்கூடிய ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அப்பாவுக்கு நாலு ஏக்கர் தோட்டம், கிணறும் ஒரு போரும் உண்டு. அம்மா மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். தாய்மாமா திருப்பூரில் பவர்டேபிள் (பனியன் கம்பெனிகளுக்குப் பீஸ் ரேட்டில் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்) நடத்துகிறார். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு "இந்தியாவில் வறுமையும் வருமான ஏற்றத்தாழ்வும்" என்று தலைப்பு கொடுத்தாராம். கைடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்து நாளில் வேறு மூன்று தலைப்போடு வரச் சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான் என்று நிதி ஆயோக்கே சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் வேலைக்கு ஆள் கிடைக்காமல் வடநாட்டிலிருந்து கூட்டி வருகிறார்கள். இங்கே எங்கே மேடம் ஏழை? பேசாமல் பீகாரை எடுத்துச் செய்துவிடலாமா?" என்று கேட்கிறார். உள்ளூரில்தான் செய்ய வேண்டும் என்றால் அதற்கும் ஒரு திட்டம் வைத்திருக்கிறார்: மாமா யூனிட்டில் வேலை செய்பவர்களிடமும் அப்பா தோட்டத்துக்கு வருபவர்களிடமும் கூகுள் ஃபார்ம் அனுப்பி 500 பேரிடம் பதில் வாங்குவது, அரிசி கார்டு வைத்திருப்பவர்களை ஏழை என்று பிரித்துக்கொள்வது. கூடப் படிக்கும் தோழியோ, "ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்தால் பைண்டிங்கோடு தருகிறார்கள், எதற்குச் சிரமப்படுகிறாய்?" என்கிறாராம். கடைசியாக, தமிழில் எழுதலாமா என்றும் ஒரு கேள்வி.

அம்மணி, முதலில் கைடு மேல் இருக்கும் கோபத்தை விடுங்கள். அவர் செய்தது சரி. நீங்கள் கொடுத்த தலைப்பில் ஒரு கேள்வி கூட இல்லை. இந்தியாவில் வறுமை இருக்கிறது, ஏற்றத்தாழ்வும் இருக்கிறது, சரி, அதில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்? அதைச் சொல்லாத வரைக்கும் யார் எழுதினாலும் அது பத்துப் புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டிய வேலையாகத்தான் முடியும். யாருடைய வருமானம், யாரோடு ஒப்பிட்டு, எந்தக் காலத்தில் என்ற மூன்றும் தலைப்பிலேயே தெரிய வேண்டும். அந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் ஊர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பீகார் வேண்டாம். நீங்கள் பார்க்காத ஊரைப் பற்றி, நீங்கள் சேகரிக்காத கணக்கை வைத்து எழுதினால், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இரண்டாவது கேள்விக்கே நின்றுவிடுவீர்கள்.

அந்த 2.2 சதவீதம் எதைச் சொல்கிறது

நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட அந்த அறிக்கை பல பரிமாண வறுமைக் குறியீடு. ஊட்டச்சத்து, குழந்தை இறப்பு, பேறுகாலக் கவனிப்பு, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, வங்கிக் கணக்கு என்று மொத்தம் 12 விஷயங்களைப் பார்த்து, அதில் பலவும் இல்லாத குடும்பத்தை ஏழை என்று எண்ணுகிறார்கள். அதற்கான தரவு 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. அந்த அளவையில் நாடு முழுக்க 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.20. இது உண்மையான சாதனைதான், அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. சத்துணவும் ரேஷனும் அரசு ஆஸ்பத்திரியும் பல வருஷமாகச் செய்த வேலை அது.

ஆனால் அந்த 12இல் சம்பளம் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. பல்லடம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுபவர் வீட்டில் கேஸ் இருக்கும், கழிப்பறை இருக்கும், பிள்ளை பள்ளிக்குப் போகும், வங்கியில் கணக்கும் இருக்கும். அவர் அந்தக் குறியீட்டில் ஏழை இல்லை. கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தினால் அடுத்த மாதம் வீட்டு வாடகை எங்கிருந்து வரும் என்பதை அந்தக் குறியீடு கேட்பதே இல்லை. அதனால் "ஏழையே இல்லை" என்று நீங்கள் அதிலிருந்து எடுத்த முடிவு, அறிக்கையில் இல்லாத ஒன்று.

பணத்தை வைத்து வரையும் வறுமைக்கோடு வேறு கதை. 2011-12க்கு, மத்திய அரசு அமைத்த டெண்டுல்கர் குழு முறைப்படி கணக்கிட்டால் இந்தியாவில் 21.9 சதவீதம் பேர் ஏழைகள். அதே வருஷத்துக்கு ரங்கராஜன் குழு போட்ட கணக்கில் 29.5 சதவீதம். அதே நாடு, அதே வருஷம், கோடு மட்டும் கொஞ்சம் மேலே போனது, கோடிக்கணக்கானவர்கள் ஏழைகள் ஆகிவிட்டார்கள். ஆகவே எந்தக் கோட்டை எடுக்கிறீர்கள், ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதாமல் வறுமை என்ற சொல்லைத் தலைப்பில் வைக்காதீர்கள். உலக வங்கி 2025 ஜூனில் தன் கோட்டை ஒரு நாளைக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. அதை எடுக்கும் மாணவர்கள் பாதிப்பேர் அன்றைக்கு வங்கியில் டாலர் என்ன விலையோ அதில் பெருக்கிவிடுகிறார்கள். அது வாங்கும் திறன் அடிப்படையிலான டாலர், ரூபாயில் மாற்றினால் அதைவிட மிகக் குறைவாகத்தான் வரும். தெரியாமல் பெருக்கினால் உங்கள் ஊரில் பாதியை நீங்களே ஏழையாக்கிவிடுவீர்கள்.

வறுமை ஒன்று, ஏற்றத்தாழ்வு இன்னொன்று

கடிதம் முழுக்க இரண்டையும் ஒன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வளவில் ஐந்து வீடு. மாத வருமானம் 8,000, 10,000, 12,000, 20,000, 50,000. மொத்தம் ஒரு லட்சம். வறுமைக்கோடு 9,000 என்று வைத்துக்கொண்டால் ஒரு வீடு ஏழை. இப்போது எல்லோருக்கும் வருமானம் இரட்டிப்பாகிறது: 16,000, 20,000, 24,000, 40,000, ஒரு லட்சம். ஏழை வீடே இல்லை. ஆனால் மேலே இருக்கும் ஒரு வீட்டுக்கு அப்போதும் பாதி, இப்போதும் பாதி. ஜினி குறியீடு (ஏற்றத்தாழ்வை 0 முதல் 1 வரை அளக்கும் எண், 0 என்றால் எல்லோருக்கும் சமம்) ஒரு புள்ளி கூட நகராது. முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே 42,000 ஆக இருந்த இடைவெளி மட்டும் 84,000 ஆகிவிட்டது. இதில் ஏற்றத்தாழ்வு கூடியதா இல்லையா? விகிதத்தில் பார்த்தால் இல்லை, ரூபாயில் பார்த்தால் கூடிவிட்டது. ரெண்டுமே நியாயமான அளவைகள். எதை எடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

கொங்குப் பக்கத்தின் கதையே கிட்டத்தட்ட இதுதான் என்பது என் எண்ணம். ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர் என்ற பொருளாதார அறிஞர் 1980களின் தொடக்கத்தில் அன்றைய கோவை மாவட்டத்துக் கிராமங்களுக்கு வந்து வீடு வீடாகக் கணக்கெடுத்தார், பிறகு அதே கிராமங்களுக்குப் பல முறை திரும்பி வந்தார். நிலமில்லாத தலித் கூலிக் குடும்பங்களின் வாழ்க்கை முன்னைவிட நன்றாகவே உயர்ந்தது, ஆனால் நிலம் வைத்திருந்த குடும்பங்களோடு வைத்துப் பார்த்தால் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள் என்பதுதான் அவர் கண்டது. ஏழை குறைந்தும் இடைவெளி குறையாத இடம் இது. இங்கே ஆராய ஒன்றுமில்லை என்று நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்.

ஜினியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் கிராமப்புற ஜினி 0.237, நகர்ப்புறம் 0.284 என்று அரசு சொன்னது. படித்தால் சமத்துவ நாடு மாதிரி இருக்கும். 2022-23க்கு உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் போட்ட கணக்கோ, நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேலே இருக்கும் ஒரே ஒரு சதவீதம் பேருக்குப் போகிறது என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. முதலாவது, வீடு எவ்வளவு செலவு செய்கிறது என்ற கணக்கு. கோடி சம்பாதிப்பவர் கோடியையும் சாப்பிட்டுத் தீர்ப்பதில்லை, நிலமாகவும் மெஷினாகவும் போட்டுவைக்கிறார், அது செலவில் வராது. கணக்கெடுப்புக்காரருக்குப் பெரிய பங்களாவின் கேட்டும் சுலபத்தில் திறக்காது. இரண்டாவது, வருமான வரிக் கணக்கையும் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. உங்கள் தலைப்பில் "வருமான ஏற்றத்தாழ்வு" என்று எழுதிவிட்டு உள்ளே செலவுத் தரவை வைக்கிற தப்பை மட்டும் செய்யாதீர்கள். வைவாவில் முதலில் மாட்டுவது அங்கேதான்.

அரிசி கார்டு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்குமானது. சர்க்கரை கார்டு, பொருளில்லா கார்டு கேட்டு வாங்கியவர்கள் தவிர மற்ற எல்லாக் கார்டுக்கும் அரிசி உண்டு. உங்கள் வீட்டுக் கார்டையே எடுத்துப் பாருங்கள், அநேகமாக அரிசி கார்டாகத்தான் இருக்கும். பெரும்பாலான வீட்டில் இருக்கும் ஒன்றை வைத்து ஏழையைப் பிரிக்க முடியாது. தாலுகா ஆபீஸ் வருமானச் சான்றிதழையும் நம்பி இறங்காதீர்கள், அது எந்தத் திட்டத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தத் திட்டத்தின் உச்சவரம்புக்குள் அழகாக அடங்கியிருக்கும்.

மாமா யூனிட்டும் அப்பா தோட்டமும்

கடிதத்தில் எனக்கு உண்மையில் கவலை தந்த இடம் இதுதான், நீங்களோ இதைச் சுலபமான வழி என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாளியின் அக்கா மகள் ஃபார்ம் கொண்டுவந்து "உனக்கு வாரம் எவ்வளவு வருது, முன்பணம் எவ்வளவு பாக்கி, கடன் எவ்வளவு" என்று கேட்டால், செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் என்ன சொல்வார்? "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி" என்பார். அது தரவே இல்லை. மாட்டேன் என்று சொல்கிற உரிமை அவருக்கு உண்டு, ஆனால் அந்த இடத்தில் சொல்ல முடியாது. ஆராய்ச்சிக்கான சம்மதம் என்பது மறுத்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் கிடைப்பது. அதோடு, ஒருவேளை யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால், பக்கத்துக் கம்பெனியில் பீஸுக்கு நாலணா கூட என்று அவர் சொன்னது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சில் மாமா காதுக்குப் போகாது என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?

தோட்டத்தில் இன்னும் சிக்கல். உங்கள் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்களில் வயதானவர்கள் இன்றைக்கும் உங்கள் அப்பாவைப் பண்ணாடி (நில எஜமான்) என்றுதான் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் எவ்வளவு பணிவாகப் போய்க் கேட்டாலும் அவர்கள் கண்ணுக்கு நீங்கள் பண்ணாடி வீட்டுப் பெண். கூலி போதவில்லை என்று உங்களிடமே சொல்லச் சொல்வது நியாயமில்லை. அதனால் உங்கள் ஊர், மாமா யூனிட் இரண்டையும் விட்டுவிட்டு, உங்களை யாருக்கும் தெரியாத, அதே பஸ் ரூட்டில் ஏழெட்டு ஸ்டாப் தள்ளி இருக்கும் இரண்டு ஊர்களை எடுங்கள். அங்கே உறவுக்காரர் வீட்டில் இறங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், கல்லூரிக் கடிதத்தோடு ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாதியைக் கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு வரியில் தயங்கியிருந்தீர்கள். கொங்கில் நிலம் யாரிடம் இருக்கிறது என்று பேசும் ஆராய்ச்சி அதைத் தவிர்த்தால் பாதிதான் நிற்கும். கைடிடம் சொல்லி, கல்லூரி அனுமதியோடு, வகுப்பு அளவில் (பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று) மட்டும் கடைசிக் கேள்வியாக வையுங்கள், விருப்பமில்லாதவர்கள் விடலாம் என்று சொல்லிவிட்டு. அறிக்கையில் ஊர்ப்பெயர் வேண்டாம். சின்ன ஊரில் "நிலமில்லாத, விதவை, தையல் வேலை" என்று எழுதினாலே எந்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

கைடிடம் கொண்டுபோக மூன்று

முதலாவது, எனக்கு மிகவும் பிடித்தது: பனியன் தொழிலில் ஒரே வேலையை மூன்று இடத்தில் செய்யும் பெண்களின் வார வருமானம். கம்பெனிக்குப் போய் ஷிப்ட் சம்பளம் வாங்குபவர், பவர்டேபிளில் பீஸ் ரேட்டுக்கு வேலை பார்ப்பவர், வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டுபவர். ஆளுக்கு 20 என்று 60 பேர் போதும், 500 எதற்கு? எட்டு சனிக்கிழமை தொடர்ந்து, அந்த வாரம் எத்தனை ஷிப்ட், கையில் எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், முதல் முறை நேரில் போய்விட்டு அப்புறம் போனில் கேட்டுக்கொள்ளலாம். ஆர்டர் இருக்கும் வாரம் தினமும் ஒன்றரை ஷிப்ட், இல்லாத வாரம் வீட்டிலே. இந்த ஏற்ற இறக்கம் மாதச் சராசரி போட்டால் மறைந்துவிடும், வாரக் கணக்கில்தான் பிடிபடும். யாருக்குச் சராசரி அதிகம், யாருக்கு ஆட்டம் அதிகம் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் வீட்டு வேலையை விட்டுக் கம்பெனிக்குப் போனவர்கள் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வியைச் சேர்த்தால் ஆராய்ச்சிக்குப் புதுசாக ஒரு முகம் வரும்.

இரண்டாவது, இலவச மின்சாரம் யாருக்கு எவ்வளவு போகிறது. 1990லிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். ஆனால் மானியம் நிலத்துக்குப் போவதில்லை, மோட்டாருக்குப் போகிறது. 7.5 ஹெச்பி மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் சுமார் 33 யூனிட், 3 ஹெச்பி என்றால் 13 சொச்சம். ஆயிரம் அடி போர் போட முடிந்தவருக்கு அதிகம், தண்ணீர் வற்றிய பழைய கிணற்றுக்காரருக்குக் குறைவு, நிலமே இல்லாதவருக்குச் சுழி. இதை 40 தோட்டத்தில் கணக்கெடுத்து, நில அளவோடு பொருத்திப் பார்த்தால் நல்ல ஆய்வு. தோட்டக்காரர் வீட்டுப் பெண் என்பது இங்கே உங்களுக்குப் பலம், மோட்டாரையும் வெள்ளாமையையும் பற்றி நீங்கள் பேசுகிற விதத்திலேயே அவர்கள் நம்புவார்கள். ஒரே ஆபத்து, ஹெச்பி என்று வாயெடுத்ததும் மீட்டர் மாட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவார்கள். அப்பாவிடம் முதலில் ஒத்திகை பாருங்கள். அவரே முறைப்பார்.

மூன்றாவது, வெளியே போக வசதிப்படாவிட்டால். குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின் தனித்தனி வீட்டுத் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. 2022-23இல் இந்தியக் கிராமங்களில் கீழ்த்தட்டு 5 சதவீதத்தினரின் தலைக்கு மாதச் செலவு 1,373 ரூபாய், மேல்தட்டு 5 சதவீதத்தினருக்கு 10,501. இதையே தமிழ்நாட்டுக்குப் போட்டு, எதில் இடைவெளி அதிகம், உணவிலா, மருத்துவத்திலா, படிப்பிலா என்று பிரித்துப் பார்க்கலாம். புள்ளியியல் கணக்குப் போடும் ஆர் (R) மென்பொருள் இலவசம், ஒரு மாதம் உட்கார்ந்தால் பழகிவிடும். ஆனால் திருப்பூர் மாவட்டம், ஈரோடு மாவட்டம் என்று பிரிக்க ஆசைப்படாதீர்கள், அந்தக் கணக்கெடுப்பில் மாவட்டத்துக்கு எடுத்த வீடுகள் அதற்குப் போதாது.

மகளிர் குழுக் கடன், கந்துவட்டி, தறிப் பட்டறை முன்பணம் பற்றியும் செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். முக்கியமான விஷயம்தான். பள்ளிபாளையம் பக்கம் கடனுக்காகக் கிட்னியை விற்றவர்களைப் பற்றி 2025இல் செய்தி வந்ததை நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் கடனில் சிக்கியவரிடம் பேசுவதற்குக் காலமும் பக்குவமும் வேண்டும், வசூல்காரர்கள் கண்ணிலும் படுவீர்கள். எம்.ஏ. ப்ராஜெக்ட்டில் தனியாக இறங்க வேண்டாம், பிஎச்.டி.க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்கிற விதம்

கூகுள் ஃபார்ம் வேண்டவே வேண்டாம். ஏற்றத்தாழ்வைப் பற்றிய ஆராய்ச்சியில் நல்ல போனும் டேட்டாவும் நேரமும் இருப்பவர்கள் மட்டும் பதில் சொன்னால், நீங்கள் தேடும் ஆளே வரமாட்டார். நேரில் போங்கள், ஞாயிறு காலை நல்ல நேரம். மற்ற நாளில் கம்பெனி வண்டி வருவதற்குள் சோறு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

"உங்கள் மாத வருமானம் எவ்வளவு?" என்று ஆரம்பித்தால் வேலை கெட்டது. மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்றெல்லாம் வரம்பு இருப்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். நோட்டும் பேனாவுமாக வந்து வருமானம் கேட்கிற பெண்ணைப் பார்த்ததும், ஆயிரம் ரூபாயை நிறுத்த வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். "ஒண்ணும் நிக்கிறதில்லீங்க" என்று பதில் வரும். தாலுகா ஆபீசிலிருந்து வரவில்லை, கல்லூரியிலிருந்து வருகிறேன், உங்கள் பேர் எங்கேயும் எழுதமாட்டேன் என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் வேலையைப் பற்றிக் கேளுங்கள்: இப்போ எந்த வேலை, ஓவர்லாக்கா செக்கிங்கா, எத்தனை வருஷமாக. அதன்பிறகு போன சனிக்கிழமைக்கு வாருங்கள். எத்தனை ஷிப்ட் போட்டீங்க? கையில் எவ்வளவு கொடுத்தாங்க? முன்பணத்துக்கு எவ்வளவு பிடிச்சாங்க? இந்த மாதிரிக் கேட்டால் ரூபாய் துல்லியமாக வரும், ஏனென்றால் அந்தத் தொகையை அவர்கள் சனிக்கிழமை ராத்திரியே எண்ணிப் பிரித்து வைத்திருப்பார்கள். வீட்டில் மற்றவர் சம்பாதிப்பதையும், பால், ஆடு, நூறு நாள் வேலை இவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்கள், மறைப்பதற்காக இல்லை, அதை வருமானம் என்றே அவர்கள் நினைப்பதில்லை.

ப்ராஜெக்ட் சென்டர்

தோழி சொன்னதைப் பற்றி நீதி போதனை செய்யப் போவதில்லை, விளைவை மட்டும் சொல்கிறேன். யூஜிசியின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் மற்றவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 என்றால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. கடையில் விற்பது உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு விற்றது என்று உங்களுக்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் ஜர்னலில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதுவது உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது, துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாய்ப் பேச்சை நம்பிப் பாதி எழுதிவிட்டு மாற்ற வேண்டி வரும். அறிக்கை எந்த மொழியானாலும் கேள்வித்தாளைத் தமிழிலேயே தயார் செய்து, ஐந்து வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் நகல் எடுங்கள். அந்த ஐந்து வீட்டுப் பதிலை 60இல் சேர்க்க வேண்டாம். பத்து நாளில் நாலு நாள் இதைப் படிக்கவும் யோசிக்கவும் போகட்டும். மீதி நாளில் முதல் தலைப்புக்கு ஒரு பக்கம், இரண்டாவதுக்கு ஒரு பக்கம், மூன்றாவதுக்கு அரைப் பக்கம் எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், எந்த ஊர்கள், எவ்வளவு பஸ் செலவு என்பதையும் போட்டுக் கைடிடம் கொடுங்கள். மாமாவிடம் யூனிட்டுக்கு வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பீஸ் ரேட் கணக்கு, மெஷின் பெயர்கள், எந்த மாதம் ஆர்டர் குறையும் என்பதெல்லாம் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், அதில் தப்பில்லை.